ஒரே மணி, ஒரே பாட்டு: ஒரு வானொலிச் சுழற்சிப் பட்டியலின் நிகழ்வு ஆய்வு

புகார் ஒற்றை வரிதான். காலை எட்டு மணிக்கு வண்டியில் ஏறி வானொலியைப் போட்டால் தினமும் அதே பாட்டு. அந்த நிலையத்தின் கணினியில் சுழற்சியில் இருக்கும் பாடல்களோ 280. புகார் சொன்னவர் மிகைப்படுத்தவில்லை, நிலையம் காட்டும் எண்ணிக்கையும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்கின்றன என்று பிரித்துப் பார்த்தால், நிலையங்கள் பாடலைத் தேர்ந்தெடுக்கும் முறையில் பாதி புரிந்துவிடும்.

இங்கே வரும் நிலையம் ஒரு மாதிரி. கணக்கு கண்ணுக்குத் தெரியும்படி எண்களை அமைத்திருக்கிறோம். ஆனால் மணிக்கு இத்தனை பாடல், வகைக்கு இத்தனை பாடல் என்ற அளவுகள் புதுப் பாடல்களை முன்னிறுத்தும் வணிக நிலையங்களில் வழக்கமாகக் காணக்கூடியவையே.

மணிக்குப் பன்னிரண்டு இடம்

பாடலை எடுப்பதற்கு முன் இடத்தை எண்ண வேண்டும். 60 நிமிடத்தில் விளம்பரத்துக்கு 12, பேச்சுக்கும் ஜிங்கிளுக்கும் 4 போனால் மிச்சம் 44 நிமிடம். ஒரு பாடலுக்குச் சராசரியாக 3 நிமிடம் 40 விநாடி என்று வைத்தால் மணிக்கு 12 பாடல், நாளுக்கு 288. இந்த 12 இடங்களையும் ஒரு வட்டத்தில் குறித்து, எந்த நிமிடத்தில் எந்த வகைப் பாடல், எங்கே விளம்பரம், எங்கே பேச்சு என்று வரைவதற்குக் ‘கிளாக்’ என்று பெயர். கிளாக்கில் பாடலின் பெயர் இருக்காது, வகையின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

வட்டத்தில் விளம்பரம் உட்காரும் இடமும் சும்மா முடிவாவதில்லை. அமெரிக்காவில் கேட்பவர்களை அளக்கும் முறையில், ஒருவர் ஒரு கால் மணிக்குள் 5 நிமிடம் கேட்டாலே அந்தக் கால் மணி முழுவதும் அந்த நிலையத்தின் கணக்கில் சேர்ந்தது; கருவியால் அளக்கும் நகரங்களில் 2025 முதல் 3 நிமிடமே போதும். அதனால் 00, 15, 30, 45 ஆகிய எல்லைகளைப் பாடல்கள் தாண்டிப் போகும்படி வைத்து, விளம்பரங்களை நடுவில் தள்ளுவார்கள். 2007இல் பிலடெல்பியாவிலும் ஹூஸ்டனிலும் கேட்பவர்கள் எழுதித் தரும் நாட்குறிப்புக்குப் பதிலாக உடலில் அணியும் அளவீட்டுக் கருவி நடைமுறைக்கு வந்த பிறகு இந்தக் கணக்குப் பார்ப்பது இன்னும் கறாரானது.

மாதிரி நிலையத்தில் வகைகள் நான்கு. ஏ என்பது இப்போது உச்சத்தில் இருப்பவை: 6 பாடல், மணிக்கு 3 இடம். பி என்பது ஏறிக்கொண்டிருப்பவை: 10 பாடல், 2 இடம். சி என்பது உச்சத்திலிருந்து இறங்கியும் அலுக்காதவை: 24 பாடல், 2 இடம். டி என்பது பல ஆண்டுகளாக நிலைத்தவை: 240 பாடல், 5 இடம். நாளுக்கு 288 ஒலிபரப்பில் 72, அதாவது கால் பங்கு, ஏ வகையின் ஆறே பாடல்களுக்குப் போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் வானொலியைக் காலையிலிருந்து இரவுவரை யாரும் கேட்பதில்லை. அரை மணி நேரம் கேட்கிறவருக்கும் அன்றைய பெரிய பாட்டில் ஒன்றிரண்டாவது கிடைக்க வேண்டும் என்பதே இதன் நியாயம். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒமாஹா நகரின் கே.ஓ.டபிள்யூ.எச். நிலையத்தில் டாட் ஸ்டோர்ஸ் குழுவினர் உருவாக்கிய, வெற்றிப் பாடல்கள் சிலவற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும் ‘டாப் 40’ முறை இதே எண்ணத்தின் மேல் நின்றது. காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் ஜூக்பாக்ஸில் மக்கள் அதே சில பாடல்களைத் திரும்பத் திரும்பப் போட்டதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்ற கதை பல வடிவங்களில் உலவுகிறது.

பழுது எங்கே

ஒவ்வொரு வகையும் ஓர் அட்டைக் கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி வருவதற்கு முன் உண்மையிலேயே அட்டைப் பெட்டிதான் இருந்தது. முன்னால் இருக்கும் அட்டையை எடுத்துப் பாடலைப் போட்டுவிட்டு, அட்டையைக் கடைசியில் செருக வேண்டும். பிடிக்காத அட்டையைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளும் அறிவிப்பாளர்களும் இருந்தார்கள். 1979இல் தொடங்கிய ஆர்.சி.எஸ். நிறுவனத்தின் ‘செலக்டர்’ போன்ற மென்பொருள்கள் அந்தக் கள்ளத்தனத்தை ஒழித்தன. கட்டின் கணக்கை மட்டும் எந்த மென்பொருளும் மாற்ற முடியாது.

ஏ வகையை எடுப்போம். 6 பாடல், மணிக்கு 3 இடம் என்றால் ஒரு பாடல் சரியாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பும். 24ஐ 2 மீதியில்லாமல் வகுத்துவிடும். ஆக 8:02க்கு இன்று வந்த பாடல் நாளையும் 8:02க்கே வரும், நாளை மறுநாளும். ஏ இடங்கள் 02, 22, 42 ஆகிய நிமிடங்களில் இருந்தால், தினமும் 8 முதல் 8:30 வரை கேட்பவர் இரண்டே பாடல்களை வாரத்துக்கு ஏழு முறை கேட்கிறார், மற்ற நான்கை ஒருமுறைகூடக் கேட்பதில்லை. அறிக்கையிலோ ஆறு பாடல்களும் வாரத்துக்கு 84 முறை சமமாக ஒலித்ததாக அழகாகத் தெரியும். ஒலிபரப்பின் எண்ணிக்கையைப் பார்க்கிறவர் கண்ணில் இந்தப் பழுது படவே படாது.

பி வகையில் பழுது இன்னும் நுணுக்கமானது. 10 பாடல், மணிக்கு 2 இடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு சுற்று, 24ஐ 5 வகுக்காது, ஆகவே பிரச்சினை இல்லை என்று தோன்றும். ஆனால் 10 இரட்டைப்படை, இடமும் இரண்டு. 1, 3, 5, 7, 9ஆம் பாடல்கள் எப்போதும் மணியின் முதல் இடத்திலும், இரட்டை எண்கள் எப்போதும் இரண்டாம் இடத்திலும் விழும். முதல் இடம் 10ஆம் நிமிடம், இரண்டாவது 50ஆம் நிமிடம் என்றால், நம் அரை மணி நேரக்காரருக்கு ஐந்து பாடல்கள் இந்த உலகத்திலேயே இல்லை.

சி வகையில் 24 பாடல், 2 இடம்: 12 மணி நேரச் சுற்று. காலை எட்டு மணிக்கு வந்தது இரவு எட்டு மணிக்கு வரும், மறுநாள் காலை எட்டுக்கும் வரும். வேலைக்குப் போகும்போதும் இரவில் திரும்பும்போதும் கேட்பவர் பாடு கேட்கவே வேண்டாம்.

டி வகைதான் எல்லாரையும் ஏமாற்றியது. 240 பாடலை 5ஆல் வகுத்தால் 48 மணி, சரியாக இரண்டு நாள். எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிவரை தவறாமல் கேட்பவருக்கு இந்த 240இல் கிடைப்பது பத்தே பாடல்: திங்கள் ஐந்து, செவ்வாய் ஐந்து, புதன் மறுபடியும் திங்களின் ஐந்து.

இந்த இடத்தில் வழக்கமாக எடுக்கப்படும் முடிவு, “பாட்டைக் கூட்டுங்கள்.” டி வகையில் 120 பாடலைச் சேர்த்து 360 ஆக்கினால் என்ன ஆகும்? 72 மணி. சரியாக மூன்று நாள். பத்துப் பாடல் பதினைந்தாகும், புகார் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, கேட்பவர்களிடம் சோதித்துப் பார்க்காத 120 பலவீனமான பாடல்கள் உள்ளே வந்திருக்கும்.

எண்ணைத் திருத்துவது

தீர்வு சிறியது. ஒரு நாளின் மொத்த இடங்களைப் பாடல் எண்ணிக்கையால் வகுத்தால் மீதி வர வேண்டும், அந்த இரு எண்களுக்கும் 1ஐத் தவிரப் பொது வகுத்தி இருக்கக் கூடாது.

ஏ வகையை 7 ஆக்கினால் 72ஐ 7ஆல் வகுக்க மீதி 2. முதல் நாள் எட்டு மணி அரை மணி நேரத்தில் 1, 2ஆம் பாடல்கள் வந்தால் மறுநாள் 3, 4, அடுத்த நாள் 5, 6, பிறகு 7, 1, பிறகு 2, 3, பிறகு 4, 5, ஏழாம் நாள் 6, 7. ஒவ்வொரு பாடலையும் வாரத்துக்கு இரண்டு முறை கேட்பார். கூட்டியது ஒரே ஒரு பாடல். பி வகையை 11 ஆக்கினால் 8:10 இடத்தில் 1, 5, 9, 2, 6, 10, 3, 7, 11, 4, 8 என்று பதினொரு நாளில் பதினொன்றும் வந்துவிடும்.

டி வகையில் ஒரு பொறி இருக்கிறது. பகா எண் எதையாவது வைத்தால் போதும் என்று கையேடு மாதிரி ஒரு யோசனை சொல்வார்கள். 223 பகா எண். நாளுக்கு 120 இடம், மீதி வருகிறது, பொது வகுத்தியும் இல்லை. ஆனால் போட்டுப் பாருங்கள்: 13 நாளில் 1,560 இடங்கள் கழிகின்றன. 223ஐ ஏழு முறை சுற்றினால் 1,561. வித்தியாசம் ஒன்றே ஒன்று. அதாவது பதினான்காம் நாள் எட்டு மணிக்கு முதல் நாளின் ஐந்து பாடல்களில் நான்கு திரும்பி வந்து நிற்கும், இருபத்தேழாம் நாளும் ஏறக்குறைய அப்படியே. 217 பகா எண் இல்லை, 7ஐ 31ஆல் பெருக்கியது. ஆனால் 9 நாளில் 1,080 இடங்கள், 217இன் ஐந்து சுற்று 1,085, வித்தியாசம் 5. ஒரு மணிக்கு ஐந்து இடம் என்பதால் பத்தாம் நாள் வரும் ஐந்தும் முதல் நாளின் ஐந்தை ஒட்டி அமர்கின்றனவே தவிர அவற்றின் மேல் ஏறுவதில்லை. இப்படி முதல் 38 நாள், அந்த ஒரு மணிக்குள் 190 பாடல்கள் ஒன்றுகூடத் திரும்பாமல் வரும். பத்து எங்கே, 190 எங்கே!

இதே சோதனையில் சி வகைக்கு 31 நன்றாக வருகிறது. சுற்று பதினைந்தரை மணி நேரம், ஒரே மணியில் 11 நாள் எதுவும் திரும்பாது.

டி வகையிலிருந்து கழிந்த 23இல் 7 பாடல்கள் அவசரப்பட்டு அங்கே இறக்கப்பட்டவை, அவை சி-க்குத் திரும்பின. 16 பாடல்கள் கேட்பவர் சோதனையில் அடிமட்டத்தில் இருந்தவை, அவை வெளியேறின. புதிதாக உள்ளே வந்தவை இரண்டு. மொத்தம் 280இலிருந்து 266 ஆனது. பட்டியலில் பாடல்கள் குறைந்தன, கேட்பவருக்கு வெவ்வேறு பாடல்கள் கூடின.

விதிகள் வந்து கலைப்பது

மேலே சொன்னது வரிசை மாறாத சுழற்சி. நடைமுறையில் மென்பொருளுக்கு விதிகளும் கொடுக்கப்படும்: ஒரே பாடகருக்கு இடையே ஒரு மணி நேரம், வேகம் குறைந்த இரண்டு பாடல் அடுத்தடுத்து வரக் கூடாது, காலையில் மெதுவான பாட்டு வேண்டாம், நேற்று இதே மணியில் வந்தது இன்று வேண்டாம். திரைப்பாடல் போடும் நிலையமானால் பாடகர், இசையமைப்பாளர், படம் மூன்றுக்கும் தனித்தனி இடைவெளி தேவைப்படும். இவற்றுக்காக ஒவ்வொரு பாடலுக்கும் வேகம், குரல், காலம், குரல் தொடங்கும் விநாடி, முடிவு மங்கிப் போகிறதா வெட்டென்று நிற்கிறதா என்றெல்லாம் குறித்து வைக்கிறார்கள். குறிப்பு தப்பினால் விதி எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. ஒரே பாடகரின் பெயர் இரண்டு எழுத்துக்கூட்டில் பதிவாகியிருந்தால் கணினிக்கு அவர் இரண்டு பேர்.

பழைய 6 பாடல் ஏ வகையில் ‘குறைந்தபட்சம் 2 மணி இடைவெளி’ என்று விதி வைத்தால், எந்த இடத்துக்கும் தகுதியுள்ள பாடல் ஒன்றே ஒன்றுதான். தேர்வு என்பதே கிடையாது. ‘நேற்று இதே மணியில் வந்தது வேண்டாம்’ என்ற விதியையும் சேர்த்தால் இடம் காலியாக நிற்கும், யாராவது கையால் நிரப்புவார்கள், நிரப்புபவருக்குப் பிடித்த பாட்டு கூடுதலாக ஒலிக்கும். இடைவெளி விதியைச் சராசரிச் சுற்றில் முக்கால் பங்குக்கு வைப்பது நல்லது. 7 பாடலுக்குச் சுற்று 2 மணி 20 நிமிடம், முக்கால் பங்கு 1 மணி 45 நிமிடம். அப்போது ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பாடல் தகுதி பெறும். கணினிக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் வேண்டும்.

டி வகையின் 217இல் 60 ஒரே பாடகருடையவை என்று வைத்துக்கொள்வோம். சமமாக ஒலிக்க வேண்டுமானால் அவற்றுக்கு நாளுக்கு 33 இடம் தேவை. ஒரு மணி நேர இடைவெளி விதி 24க்கு மேல் விடாது, அதிலும் மற்ற வகைகளில் இருக்கும் அவருடைய பாடல்கள் பங்கு கேட்கும். நாளுக்கு ஒன்பது, பத்து ஒலிபரப்பு அவரிடமிருந்து பறிபோய் மற்ற 157 பாடல்களின் தலையில் விழும். “அவர் பாட்டையே போடுவதில்லை” என்ற புகாருக்கு, அவர் பாடல்களே அதிகமாக இருப்பது காரணமாகிவிடும். காலைநேரத் தடை இன்னொரு விதமாகக் கடிக்கும். காலை 6 முதல் 10 வரை தடுக்கப்பட்ட மெதுவான பாடல்கள் கட்டின் முன்னால் குவிந்து நின்று, பத்து மணி அடித்ததும் வரிசையாக இறங்கும். பத்து மணிக்கு மேல் நிலையம் தூங்கி வழிகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

உள்ளே வருவது, வெளியே போவது

வகையின் எண்ணிக்கை நிலையானது என்றால், ஒரு புதுப் பாடல் உள்ளே வர ஒரு பழையது வெளியேற வேண்டும். வாராந்திரக் கூட்டத்தில் நிகழ்ச்சி இயக்குநரும் இசைப் பொறுப்பாளரும் உட்கார்ந்து வாதாடுவது பெரும்பாலும் வெளியேறுவது எது என்பதைப் பற்றித்தான்.

அதற்கான சான்றுகளில் முக்கியமானது கேட்பவர் சோதனை. பாடலில் எளிதில் அடையாளம் தெரியும் 5 முதல் 10 விநாடித் துண்டை, ‘ஹூக்’ என்பார்கள், தொலைபேசியிலோ இணையத்திலோ ஒலிக்கவிட்டு மூன்று கேள்வி கேட்பார்கள்: தெரியுமா, எவ்வளவு பிடிக்கும், அலுத்துவிட்டதா. ஒரு சுற்றில் 25, 30 பாடல்கள் போகும். பழைய பாடல்களுக்கு ஓர் அரங்கில் ஆட்களை உட்கார வைத்து ஒரே அமர்வில் சில நூறு ஹூக்குகளைச் சோதிப்பார்கள். கடைசியில் வரும் பாடல்களுக்குச் சலிப்பில் மதிப்பெண் விழும் என்பதால் பாதிப் பேருக்கு வரிசையைத் திருப்பிப் போடுவது அவசியம்.

இரண்டு இடத்தில் இந்த எண்கள் வழுக்கும். நூறு பேரில் எடுத்த விழுக்காட்டுக்கு முன்னும் பின்னும் 10 புள்ளிவரை பிழை இருக்கலாம். அதில் ஒரு வயதுப் பிரிவின் 30 பேரை மட்டும் பிரித்துப் பார்த்தால் பிழை 18 புள்ளியாகும். அந்த 30 பேரின் கருத்து நான்கு புள்ளி இறங்கியதற்காக ஒரு பாடலைத் தூக்குவது காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். மற்றது, நம் மாதிரி நிலையத்தில் நேர்ந்தது. பி வகையின் இரட்டை எண் பாடல்கள் காலை அரை மணி நேரத்தில் ஒலிக்கவே இல்லை. அந்த நேரத்தில் கேட்பவர்களிடம் சோதித்தால் ‘தெரியாது’ என்றே வரும். பாடல் எடுபடவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எடுபடாதது கிளாக்.

அலுப்பு விஷயத்தில் நிலையத்தாரின் காதை நம்பக் கூடாது. 7 பாடல் ஏ வகையில் ஒரு பாடல் வாரத்துக்கு 72 முறை ஒலிக்கிறது. வாரம் 40 மணி நேரம் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் அதை 17 முறை கேட்கிறார். தினமும் அரை மணி நேரம் கேட்பவருக்கு அது ஒன்றரை, இரண்டு முறைதான். அலுவலகத்தில் எல்லாரும் காதைப் பொத்தும் வாரத்தில்தான் வெளியே பலர் அந்தப் பாட்டை முதன்முதலாக முணுமுணுக்கத் தொடங்குகிறார்கள்.

பணமும் சட்டமும்

வாரத்துக்கு 72 ஒலிபரப்பு என்ற இடத்துக்கு விலை இருக்கத்தானே செய்யும். அமெரிக்காவில் 1959-60 விசாரணைகளுக்குப் பிறகு, பாடலைப் போடப் பணம் வாங்கிவிட்டு ஒலிபரப்பில் அதைச் சொல்லாமல் மறைப்பது கூட்டாட்சிக் குற்றமானது: 10,000 டாலர்வரை அபராதம், ஓராண்டுவரை சிறை. புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் 1962இல் வணிக லஞ்சக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் அபராதம் பெற்றார். அதோடு முடியவில்லை. 2005இல் இசை நிறுவனமான சோனி பி.எம்.ஜி. நியூயார்க் மாநில அரசு வழக்குரைஞருடன் 1 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2007இல் நான்கு ஒலிபரப்பு நிறுவனங்கள் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி. ஆணையத்துக்கு 1.25 கோடி டாலர் செலுத்த ஒப்பின. பட்டியல் மாற்றங்களுக்குக் காரணம் எழுதி வைக்கும் பழக்கம் இதற்காகவும் தேவை.

ஒதுக்கீட்டுச் சட்டமும் இதே வகைக் கணக்குக்குள்தான் வந்து உட்காரும். கனடாவில் வணிக நிலையங்கள் ஒலிபரப்பும் வெகுசனப் பாடல்களில் 35 விழுக்காடு கனடியப் பாடல்கள் என்பது வாரத்துக்கு மட்டுமல்ல, திங்கள் முதல் வெள்ளி காலை 6 முதல் மாலை 6 வரைக்கும் தனியாகப் பொருந்தும். அந்தப் பகல் விதி இல்லாவிட்டால் ஒதுக்கீட்டை நள்ளிரவில் கொட்டிவிடலாம். பிரான்சில் 1996 முதல் 40 விழுக்காட்டு விதி நடைமுறைக்கு வந்தபின், சில நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பிரெஞ்சுப் பாடல்களையே சுழற்றி அதை நிறைவு செய்தன. அதனால் 2016இல் திருத்தம் வந்தது: அதிகம் ஒலித்த பத்துப் பிரெஞ்சுப் பாடல்கள் மொத்தப் பிரெஞ்சு ஒலிபரப்பில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஒதுக்கீட்டில் சேராது. ஒலிபரப்பை எண்ணுவது வேறு, பாடலை எண்ணுவது வேறு என்பதைச் சட்டம் எழுதியவர்களும் பட்டுத்தான் கற்றார்கள்.

மாற்றிய பிறகு

புது எண்களைப் போட்டதும் எட்டு மணியின் லாக்கை, அதாவது ஒலித்த பாடல்களின் பதிவை, தொடர்ந்து 14 நாளுக்கு எடுத்து, ஒவ்வொரு வகையிலும் வெவ்வேறு பாடல் எத்தனை வந்தது என்று எண்ண வேண்டும். மாலை ஆறு மணிக்கும் அதையே செய்ய வேண்டும். இரவில் விளம்பரம் குறைந்து மணிக்கு 14 பாடல் ஓடும் நிலையமானால் நாளின் மொத்த இடங்கள் மாறிவிடும், அப்போது மீதியை உண்மையான மொத்தத்தை வைத்தே பார்க்க வேண்டும், மணிக்கு இத்தனை என்று பெருக்கி அல்ல.

பழுது திரும்பி வருவது எப்போதும் ஒரே வழியில்தான். ஏதோ ஒரு வாரக் கூட்டத்தில் நல்ல புதுப் பாட்டு வரும், எதை வெளியேற்றுவது என்று மனம் வராது, “ஒன்றுதானே, ஏ-யில் கூடுதலாக இருக்கட்டும்” என்பார்கள். 7 எட்டாகும். 72ஐ எட்டால் வகுத்தால் சரியாக 9, மீதி பூஜ்யம், மறுநாள் முதல் 8:02க்கு மறுபடியும் அதே பாட்டு. ஒன்பதாக்கினாலும் அதே கதி. பத்தாக்கினால் ஒவ்வொரு இடத்துக்கும் பாதிப் பாடல்கள்தான் கிட்டும். கூட்டியே ஆக வேண்டுமானால் நேராக 11க்குப் போக வேண்டும், அப்போது சுற்று 3 மணி 40 நிமிடமாக நீளும். அதற்கு மனமில்லை என்றால் ஏழில் ஒன்றை அன்றைக்கே இறக்க வேண்டும்.